214 ஆவது இடம்

2019 பிப்ரவரியில் ஒருநாள் ராத்திரி, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்த மின்னஞ்சல் வந்தது. மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க இங்கே டெக்சஸில் ஒரு சார்ட்டர் பள்ளிக்கு, அதாவது அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் பள்ளிக்கு, விண்ணப்பித்திருந்தோம். குலுக்கல் முடிந்துவிட்டது, இடம் கிடைக்கவில்லை, காத்திருப்போர் பட்டியலில் 214 ஆவது இடம். அவ்வளவுதான் செய்தி. அப்போது ஊரில் விடிந்திருந்தது. அப்பாவுக்குப் போன் போட்டேன். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆசிரியராக இருந்தவர் அவர்.

"இடம் கம்மின்னா கூட ஒரு பிரிவு ஆரம்பிக்க வேண்டியதுதானம்மா. எத்தன பள்ளிக்கூடம், எத்தன இடம்னு அங்க யாரு முடிவு பண்றா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. டெக்சஸுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்டினுக்கு வடக்கே புறநகரில் வீடு. வரி கட்டுகிறோம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், ஆனால் ஓட்டு இல்லை. விசாவில் இருப்பவர்களுக்கு அரசியல் எதற்கு என்று ஒதுங்கியிருந்தவள் நான். அப்பா கேட்ட அந்தக் கேள்விதான் என்னைச் சட்டமன்றத்தின் பக்கம் திருப்பியது.

சார்ட்டர் பள்ளி என்றால் என்ன என்று நம்மவர்கள் கேட்டால் அப்பாவின் பள்ளியைத்தான் உதாரணமாகச் சொல்வேன். நிர்வாகம் தனியார் அறக்கட்டளை, பணம் அரசுடையது. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, விண்ணப்பம் கூடினால் குலுக்கல். வித்தியாசம் ஒன்று உண்டு. இது அரசோடு போடும் ஒப்பந்தம். சரியாக நடத்தாவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகி, பள்ளியை மூடிவிடுவார்கள். அமெரிக்காவில் முதன்முதலில் 1991 இல் மின்னசோட்டா மாநிலம் இதற்குச் சட்டம் போட்டது. டெக்சஸ் 1995 இல், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநரான முதல் வருஷம். (இங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம்மூர் முதல்வருக்கு நிகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்தச் சட்டத்திலேயே எண்ணிக்கை இருந்தது. மாநிலம் முழுக்க 20 ஒப்பந்தங்கள், அதற்கு மேல் கிடையாது. பிறகு கூட்டிக் கூட்டி 215 வரை வந்தது. 2013 இல் இன்னொரு சட்டம், 2019 க்குள் படிப்படியாக 305 வரை போகலாம் என்றது. கூடவே, மூன்று வருஷம் தொடர்ந்து படிப்பிலோ கணக்கு வழக்கிலோ தேறாத சார்ட்டரை மூடியே ஆக வேண்டும் என்றும் சொன்னது. அப்பாவுக்கு அடுத்த வாரம் போனில் பதில் சொன்னேன். "சட்டமன்றம்தாம்ப்பா முடிவு பண்ணுது. எண்ணோட."

அதற்குள் இன்னொரு நுணுக்கமும் பிடிபட்டது. புதிதாக ஒருவர் சார்ட்டர் கேட்டால் கல்விக் கமிஷனர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் மக்கள் தேர்ந்தெடுத்த 15 பேர் கொண்ட மாநிலக் கல்வி வாரியம் நினைத்தால் அதை வீட்டோ செய்யலாம், பலமுறை செய்தும் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே சார்ட்டர் வைத்திருக்கும் நிறுவனம் இன்னொரு ஊரில் கிளை திறக்கக் கமிஷனரின் கையெழுத்தே போதும். அவரை நியமிப்பவர் ஆளுநர். அதனால் புதியவர்கள் வாசலில் நிற்க, பெரிய நிறுவனங்கள் கிளை விட்டுக்கொண்டே போகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் ஒரு கதவில் காவல் நிற்கிறது. அடுத்த கதவைச் சட்டம் திறந்தே வைத்திருக்கிறது. எங்கள் பகுதிக்குப் பள்ளி வந்ததும் அந்த இரண்டாவது கதவு வழியாகத்தான்.

பட்டியல் கோடையில் மளமளவென்று நகர்ந்தது. பலர் மூன்று நான்கு இடங்களில் விண்ணப்பித்து, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். ஜூலை கடைசியில் போன் வந்தது, 24 மணி நேரத்தில் பதில் சொல்லச் சொன்னார்கள். சேர்த்தோம்.

அந்தப் பள்ளி என் மகளுக்கு நல்லது செய்தது. அதை மறைக்க மாட்டேன். ஒரு பழைய வணிகக் கட்டடம், சொல்லும்படியான மைதானம் இல்லை, நூலகம் என்று இரண்டு அலமாரி. ஆனால் ஏழாம் வகுப்பில் வந்த கணக்கு ஆசிரியர், அவள் தப்பாகப் போட்ட கணக்கையும் கரும்பலகையில் எழுதி, "இது எந்த வரியில் வழி மாறியது, சொல்லு" என்று கேட்பாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் அதே மாதிரி நடத்திக் காட்டுவாள். அடுத்த வருஷம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். வருஷா வருஷம் பாதி ஆசிரியர்கள் மாறினார்கள். ஆனாலும் அந்த ஒரு வருஷம் அவளுக்குள் போட்டது இன்றும் இருக்கிறது.

என் மகன் கதை வேறு. அவன் 2012 இல் பிறந்தவன். நான்கு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை. 2016 வசந்தத்தில் பள்ளியில் கேட்டோம். "இரண்டு மொழி பேசும் வீடு, தானே வரும், ஒரு வருஷம் பாருங்கள்" என்றார்கள். நானும் நம்பினேன். அந்தச் செப்டம்பரில் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் ஒரு தொடர் வெளியிட்டது. மாநிலக் கல்வித் துறை 2004 லிருந்தே ஓர் எண் வைத்திருந்ததாம். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் மொத்தத்தில் 8.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் அந்தப் பள்ளி டிஸ்ட்ரிக்ட் (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கூடுதல் தணிக்கைக்கு ஆளாகும். இதைச் சட்டமன்றம் ஓட்டுப் போட்டு முடிவு செய்யவில்லை. அதிகாரிகள் போட்ட எண். பன்னிரண்டு வருஷம் யாரும் கேட்கவில்லை. 2017 இல் சட்டமன்றம் அப்படி எந்த உச்சவரம்பும் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. மறு வருஷம் மத்தியக் கல்வித் துறையும் டெக்சஸ் தவறு செய்தது என்று அறிவித்தது. அந்த 2017 சட்டத்துக்குப் பிறகுதான் மகனுக்குப் பேச்சுப் பயிற்சி தொடங்கியது. எங்கள் பள்ளி அந்த எண்ணைப் பார்த்துத்தான் எங்களைத் திருப்பி அனுப்பியதா என்று எனக்கு ஒருபோதும் தெரியப் போவதில்லை. போன அந்த ஒன்றரை வருஷம் மட்டும் தெரியும்.

அவனைச் சார்ட்டரில் சேர்க்கவில்லை. சார்ட்டரும் அரசுப் பள்ளிதான், சிறப்புக் கல்வி கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் நாங்கள் பார்த்த சின்னப் பள்ளியில் பேச்சுப் பயிற்சியாளர் வாரத்துக்கு ஒருமுறை வந்து போனார்; டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் அங்கேயே இருந்தார். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை இங்கே, ஒரு பிள்ளை அங்கே. இந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கமும் முழுசாகச் சேராமல் போனதற்கு இதுதான் காரணம்.

பணம் எப்படிப் போகிறது என்று சொல்லாமல் இதைப் பேச முடியாது. இங்கே பள்ளி டிஸ்ட்ரிக்ட் என்பது சொத்து வரி போட்டுத் தன் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு. மாநிலத்தில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சார்ட்டருக்கு வரி போடும் உரிமை இல்லை. நடத்தும் செலவுக்கு மாநிலப் பணத்தையே நம்பியிருக்கிறது. இரண்டுக்கும் கணக்குத் தொடங்கும் இடம் ஒன்றுதான், மாணவர் தலைக்கு ஓர் அடிப்படைத் தொகை. 2019 இல் சட்டமன்றம் அதை 6,160 டாலராக வைத்தது. அதிலும் சேர்ந்தவர்களை எண்ணுவதில்லை, வந்தவர்களை எண்ணுகிறார்கள். மகனின் பள்ளியில் காலை பத்து மணிவாக்கில் வருகை எடுப்பார்கள். அந்த நேரம் பிள்ளை வகுப்பில் இருந்தால்தான் அன்றைய காசு. வேறு எங்காவது போக வேண்டுமென்றால், "பத்தரைக்கு மேல் கூட்டிப் போக முடியுமா?" என்று அலுவலகத்து அம்மா கெஞ்சுகிற குரலில் கேட்பார். ஒரு வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள் சார்ட்டருக்குப் போனால் அவர்களுக்கான பணமும் போகிறது. ஆசிரியர் சம்பளமும் பேருந்து டீசலும் ஏசி கரண்டும் குறைவதில்லை. என் மகள் போனபோது நானும் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போனவள்தான்.

அந்த 6,160 அப்படியே நின்றது. கொரோனா வந்தது, விலைவாசி ஏறியது, தொகை ஏறவில்லை. டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், ஜனவரியிலிருந்து 140 நாள் மட்டும் கூடும். 2023 இல் கூடியபோது கஜானாவில் சுமார் 3,300 கோடி டாலர் உபரி. எல்லாப் பள்ளிகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் ஆளுநர் கிரெக் ஆபட் அந்த வருஷம் வேறொன்றைக் கேட்டார். தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அரசுப் பணம். கல்விச் சேமிப்புக் கணக்கு என்று பெயர். ஜனம் வவுச்சர் என்றே சொல்கிறது.

அதைத் தடுத்தவர்களில் முக்கியமானவர்கள் அவருடைய குடியரசுக் கட்சிக்காரர்களே. எனக்கு இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. சிற்றூர்களில் பள்ளி டிஸ்ட்ரிக்ட்தான் பெரும்பாலும் ஊரின் பெரிய முதலாளி. பேருந்து ஓட்டுபவர், சமைப்பவர், ஆசிரியர் எல்லாம் அதன் சம்பளக்காரர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் ஆட்டத்துக்கு ஊரே அங்கேதான் கூடும். பக்கத்தில் தனியார் பள்ளியே இருக்காது. அந்த ஊர்களின் உறுப்பினர்கள் எத்தனையோ கூட்டத்தொடர்களில் வவுச்சரை மறித்து நின்றவர்கள். 2023 இல் ஆளுநர் சிறப்புக் கூட்டத்துக்கு மேல் சிறப்புக் கூட்டம் கூட்டினார். நவம்பர் 17 அன்று, பள்ளி நிதியையும் வவுச்சரையும் ஒன்றாகக் கட்டிய மசோதாவிலிருந்து வவுச்சரை மட்டும் வெட்டியெடுக்கும் திருத்தம் வந்தது. 84 க்கு 63. குடியரசுக் கட்சியினர் 21 பேர் அதற்கு ஓட்டுப் போட்டார்கள். வவுச்சர் விழுந்தது. அதோடு கட்டியிருந்த பள்ளி நிதியும் ஆசிரியர் சம்பள உயர்வும் சேர்ந்தே விழுந்தன. அடுத்த வசந்தத்தில் மகன் பள்ளியின் நூலகர் பதவியை எடுத்துவிட்டு, இரண்டு பள்ளிகளுக்கு ஒருவர் என்றார்கள்.

பிறகு நடந்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2024 மார்ச்சில் உட்கட்சித் தேர்தல், அதாவது பொதுத் தேர்தலில் கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே தேர்ந்தெடுப்பது. அந்த 21 பேரில் மறுபடி நின்றவர்களில் பலரை எதிர்த்து நின்றவர்களுக்கு ஆளுநரே ஆதரவு கொடுத்தார். பென்சில்வேனியாவைச் சேர்ந்த கோடீஸ்வரர் ஜெஃப் யாஸ் அவருக்கு 60 லட்சம் டாலர் ஒரே தடவையில் கொடுத்திருந்தார். விளம்பரங்களில் பள்ளி பற்றிய பேச்சு குறைவு. எல்லை, குடியேறிகள் என்றே போயின. பதவியில் இருந்தவர்களில் பலர் தோற்றார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு விழாத இடங்களில் சிலர் மே மாதம் மறுசுற்றுக்குப் போனார்கள். அப்போதைய சபாநாயகர் டேட் ஃபீலன் தப்பியது 400 க்கும் குறைவான ஓட்டில். சுமார் 1 கோடியே 80 லட்சம் வாக்காளர்கள் பதிவான மாநிலத்தில், மார்ச்சில் அந்தக் கட்சியின் சீட்டில் ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய 23 லட்சம். மறுசுற்றில் அதைவிடக் குறைவு. என் சமையலறையில் நானும் வீட்டுக்காரரும் ராத்திரி உட்கார்ந்து இந்தப் பள்ளியா அந்தப் பள்ளியா என்று பேசுகிறோமே, அதில் பாதியை இருநூறு மைலுக்கு அப்பால், ஒரு செவ்வாய்க்கிழமை, சில ஆயிரம் பேர் முடித்துவிட்டார்கள்.

2025 மார்ச் 11 அன்று பிரதிநிதிகள் அவையின் கல்விக் குழு வவுச்சர் மசோதா மீது கருத்துக் கேட்டது. போவது என்று முடிவெடுத்தேன். ஓட்டில்லாதவர்களும் அங்கே பேசலாம் என்று ஒரு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். "போ, சொல்லு. கேக்காட்டியும் பதிவாகும்ல" என்றார்.

ஆஸ்டின் சட்டமன்றக் கட்டடம் செங்கிரானைட் கல்லில் எழுந்து நிற்பது. குழுக்கள் கூடுவது பெரும்பாலும் அதன் பின்னால், மண்ணுக்குக் கீழே தோண்டிக் கட்டிய பகுதியில். படி இறங்கிப் போனால் சுவரோரம் டேப்லட்டுகள். பெயர், ஊர், மசோதா எண். பிறகு மூன்று தேர்வுகள். ஆதரவு, எதிர்ப்பு, இரண்டும் இல்லாமல் பொதுவாக. அந்த மூன்றாவது பொத்தானின் மேல் என் விரல் கொஞ்ச நேரம் நின்றது. மகளின் பள்ளி நினைவுக்கு வந்தது. பெற்றோருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. எதிர்ப்பை அழுத்தினேன்.

நூற்றுக்கணக்கானவர்கள் பதிவு செய்திருந்தார்கள். ராத்திரி முழுக்க நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மேற்கு டெக்சஸிலிருந்து ஆறு மணி நேரம் காரோட்டி வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. கொண்டுவந்த வேர்க்கடலை வெண்ணெய் சாண்ட்விச்சில் எனக்கும் பாதி கொடுத்தார். தங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தனியார் பள்ளி ஒன்றுகூட இல்லை என்றார். முன் வரிசையில் ஒரு அம்மா. ஆட்டிசம் உள்ள மகனுக்கு மூன்று பள்ளி மாற்றியும் சரிவரவில்லை, இந்தப் பணம் வந்தால் ஒரு தனிப்பள்ளி பார்த்து வைத்திருக்கிறேன் என்று பேசி அழுதார். அவருக்கு எதிராகத்தான் நான் பேச வந்திருக்கிறேன் என்பது அந்த நேரம் நெஞ்சை அடைத்தது. அவர் அனுபவித்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த ஒன்றரை வருஷம்.

என் முறை நள்ளிரவு தாண்டி வந்தது. எழுதி வைத்ததை விட்டுவிட்டு மகனைப் பற்றி மட்டும் சொன்னேன். டிஸ்ட்ரிக்ட் பள்ளி அவனை வேண்டாம் என்று சொல்ல முடியாது, தாமதித்தபோது கேட்க ஒரு சட்டம் இருந்தது. தனியார் பள்ளி வேண்டாம் என்று சொன்னால் நான் யாரைக் கேட்பது? மணி அடித்தது. நன்றி என்றார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை.

நான் சொல்ல நினைத்தது நம்மவர்களுக்கு உடனே புரியும். நம்மூரிலும் அரசு, தனியார் பள்ளிக்குப் பணம் கொடுக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் 25 சதவீத இடம். ஆனால் அங்கே பள்ளி பிள்ளைக்குத் தேர்வு வைத்துப் பார்த்து எடுக்கச் சட்டம் விடுவதில்லை. விண்ணப்பம் கூடினால் குலுக்கல். டெக்சஸ் சார்ட்டரிலும் குலுக்கல் (பழைய ஒழுங்கு நடவடிக்கை இருக்கும் பிள்ளையை மறுக்க இங்கே சார்ட்டருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், அது எனக்கு உறுத்தல்தான்). வவுச்சரில் மட்டும் பணம் அரசுடையது, யாரைச் சேர்ப்பது என்பது பள்ளி இஷ்டம். பெற்றோரின் தேர்வு என்று பேர் சூட்டியிருக்கிறார்கள். கடைசியில் தேர்ந்தெடுப்பது பள்ளிதான்.

ஏப்ரல் 16 காலையில் டிரம்ப், குடியரசுக் கட்சி உறுப்பினர்களிடம் போனில் பேசி ஆதரவு கேட்டார். விவாதம் நள்ளிரவைத் தாண்டியது. இதை மக்கள் வாக்கெடுப்புக்கு விடலாம் என்று ஆசிரியராக இருந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜேம்ஸ் டாலரிகோ கொண்டுவந்த திருத்தம் தோற்றது. அதிகாலை இரண்டு மணிவாக்கில் மசோதா தேறியது. இறுதி ஓட்டு 86 க்கு 61. குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஃபீலன். இன்னொருவர் கேரி வான்டீவர், ஒரு சிற்றூர் டிஸ்ட்ரிக்டின் கண்காணிப்பாளராக இருந்தவர், மறுசுற்றில் பிழைத்து வந்தவர். முந்தின முறை 21. நடுவில் நடந்தது அந்த உட்கட்சித் தேர்தல் மட்டும்தான் என்று சொன்னால் மிகையில்லை. நான் கணினியில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையில் பச்சை விளக்குகள் எரிந்ததும் மூடி வைத்துவிட்டுப் போய் மகன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

மே 3 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். முதல் இரண்டு வருஷத்துக்கு 100 கோடி டாலர். 2026–27 கல்வியாண்டில் தொடக்கம். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு 30,000 வரை, வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு 2,000. இடம் போதாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் முன்னுரிமை. அந்த அம்மாவின் மகனுக்குக் கிடைக்கட்டும். மனதாரச் சொல்கிறேன். மசோதாவில் அந்த ஒரு பகுதி மட்டும் இருந்திருந்தால் என் விரல் வேறு பொத்தானுக்குப் போயிருக்கும்.

அரசுப் பள்ளிகளுக்கும் அந்தக் கூட்டத்தொடரில் ஏறக்குறைய 850 கோடி டாலர் கிடைத்தது. ஆசிரியர் சம்பளம் உயர்ந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், அது பெரிய தொகை. ஆனால் பிரதிநிதிகள் அவை கேட்ட 395 டாலர் அடிப்படைத் தொகை உயர்வு, கடைசியில் 55 ஆகச் சுருங்கி வந்தது. ஆறு வருஷம் காத்திருந்து 55. நூலகர் உட்பட எதற்கும் டிஸ்ட்ரிக்ட் தன் விருப்பப்படி செலவு செய்யக்கூடிய பணம் முக்கியமாக அந்த அடிப்படைத் தொகைதான்.

அதற்குள் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். 2025 நவம்பரில் ஒருநாள் பள்ளிவிட்டு வந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். டெக்சஸில் உயர்நிலைப் பள்ளிகள் தகுதியான மாணவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு முறையாவது வாக்காளர் பதிவுப் படிவம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 17 வயது 10 மாதம் ஆகியிருந்தால் போதும். இவள் அமெரிக்காவில் பிறந்தவள். ஜனவரியில் பதினெட்டு. மார்ச் 3 அன்று உட்கட்சித் தேர்தல்.

"அம்மா, இதுல நான் எந்தக் கட்சின்னு எழுதவே எடம் இல்லையே?"

"இங்க அப்படிப் பதியறதில்லம்மா. ஓட்டுச் சாவடியில போய் எந்தக் கட்சிச் சீட்டு வேணும்னு நீதான் கேக்கணும். ஒண்ணு கேட்டா மறுசுற்றுலயும் அதுலதான் போடணும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நம்ம தொகுதியில எந்தச் சீட்டுல போட்டா கணக்காகும்?"

மகன் ஹோம்வொர்க்கை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். நான் மடிக்கணினியைத் திறந்து, எங்கள் தொகுதியில் போன முறை இரண்டு கட்சிகளிலும் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அவள் பேனாவை எடுத்துப் பெயரை எழுதினாள். பிறந்த தேதி, முகவரி. கையெழுத்துப் போடுமுன் என்னைப் பார்த்து, "தாத்தா அங்க முழிச்சிருப்பாருல்ல?" என்றாள்.